வெறுந்தட்டு

அன்று காலையில் சந்தனமாரிக்கு இடுப்பு நிமிரவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, மூச்சை அடக்கி எழும்பிப் பார்த்தாள். பாதி வந்ததும் கொக்கி மாட்டினதுபோல நின்றுவிட்டது. ஐம்பத்தாறு வயது. பதினோரு நாளாகத் திறந்த ஜீப்பில் நின்றபடியே கும்பிட்டுக் கும்பிட்டு, குறுக்கெலும்பு தனியாகக் கழன்று கையில் வந்துவிடும்போல இருந்தது.

வாசலில் ஜீப் ஹாரன் அடித்தது. கில்பர்ட் உள்ளே வந்தான். உப்பளத் தொழிலாளர் சங்கத்தில் கணக்கெழுத வந்தவன், இப்போது அவளுடைய தேர்தல் ஏஜெண்ட்.

"யக்கா, எந்திச்சாச்சா? கீழக்கரை உப்பளத்துக்காரன் மாலையோட நிக்கான். என்ன, இடுப்பு பிடிச்சிருக்கா?"

"ஒண்ணுமில்லடே."

"ஒண்ணுமில்லன்னா நிமிந்து நில்லுங்க பாப்போம்."

"ஓட்டுக் கேக்கப் போறவ குனிஞ்சு போறதுதாம்டே லெச்சணம்."

கில்பர்ட் சிரித்துக்கொண்டே கையைக் கொடுத்தான். அவள் பிடிக்கவில்லை. சுவரைப் பிடித்து எழுந்தாள்.

கொற்கை மாநிலம் பிரிந்து ஒன்பது வருஷம் ஆகிறது. சின்ன மாநிலம். வடக்கு எல்லையில் ஒரு டீ குடித்துவிட்டுப் பஸ் ஏறினால், அடுத்த டீக்கு நாக்கு தேடும்போது தெற்கு எல்லை வந்துவிடும். மேலவையில் மொத்தம் பதினைந்து நாற்காலி. அதில் உப்பளக் கரைக்கென்று ஒன்று. அந்த நாற்காலியில் ஐந்து வருஷமாக இருப்பவள் சந்தனமாரி. பதினெட்டு வருஷம் பாத்தியில் உப்பு வாரினவள். மறுபடியும் நிற்கிறாள். எதிர்த்து நிற்பவர் நாலாயிரம் ஏக்கர் உப்பளத்துக்குச் சொந்தக்காரரான ராஜதுரை. அவருக்கு இருந்தது ஒரே வாக்குறுதி: நோவுமானியைத் தூக்கிக் கடலில் போடுவேன்.

நோவுமானி பெரிய யந்திரம் ஒன்றுமில்லை. மணிக்கட்டில் ஒன்று, கணுக்காலில் ஒன்று என இரண்டு பட்டைகள். ஒரு பகலும் ஒரு இரவும் கட்டியிருந்தால், நரம்பில் ஓடுகிற நோவைப் படித்து ஒரு எண் சொல்லும். முப்பதைத் தாண்டினால் ஓய்வுச் சீட்டு. சீட்டு வாங்கினவர் அதற்குப் பிறகு அளத்தில் கால் வைக்க வேண்டியதில்லை. பாதிக் கூலி வீடு தேடி வரும். சந்தனமாரி நடுரோட்டில் படுத்து வாங்கின சட்டம் அது. சங்கத்துக்காரன் சொன்னால் முதலாளி நம்பமாட்டான், முதலாளியின் டாக்டர் சொன்னால் நாங்கள் நம்பமாட்டோம், அதனால் மெஷின் சொல்லட்டும் என்று கேட்டு வாங்கியது. இந்தத் தேர்தலுக்கு அவளுடைய போஸ்டரிலும் அந்த மெஷின்தான் பேசியது. ஐந்து வருஷத்தில் பட்டை கட்டிய பத்தில் ஒன்பது பேருக்கு நோவு சுழி, பூஜ்யம். உப்பளத்தில் நோவை ஒழித்த தலைவி.

அந்தப் போஸ்டரைப் படித்துச் சந்தோஷப்பட்டவர்களில் அவளும் ஒருத்தி.

மத்தியானம் கட்சி ஆபீசில் தயிர்சோற்றில் கைவைக்கும்போது நிலோஃபர் வந்தாள். நோவு அளவைத் துறையின் பொறியாளர். முப்பது வயதிருக்கும். தோளில் தொங்கிய பையைக் கழற்றாமலே நின்றாள்.

"சாப்பிட்டு முடிங்க மேடம். அப்புறம் சொல்றேன்."

"அப்போ கெட்ட சேதிதான். சொல்லும்மா. சோறு எங்க போவுது?"

நிலோஃபர் கில்பர்ட்டைப் பார்த்தாள். பிறகு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"கடையில தராசு பாத்திருப்பீங்க. சாமானை வைக்கிறதுக்கு முன்னாடி, வெறுந்தட்டுல முள்ளு நடுவுல நிக்குதான்னு பாப்பாங்க இல்லையா? நோவுமானிக்கும் அப்படி ஒரு வெறுந்தட்டு வேணும். நோவே இல்லாத உடம்பு எப்படி இருக்கும்னு அதுக்கு முதல்ல காட்டணும்."

"தெரியுமே. பட்டணத்து ஆளுக உடம்ப வச்சு எங்கள அளக்கக் கூடாதுன்னு நாந்தான சண்டை போட்டேன். எங்க ஆளுக இருவது பேர வச்சுல்லா செஞ்சிய."

"அந்த இருபது பேரும் நோவு இல்லைன்னு எழுதிக் கொடுத்தாங்க. பட்டையைக் கட்டினோம். இருபது பேருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வந்துச்சு. இத்தனை பேருக்கு ஒரே மாதிரி இருந்தா அதுதான் இயல்புன்னு எடுத்துக்கிட்டு, அதையே சுழின்னு வச்சோம். மேடம், தட்டு வெறுமையா இல்லை. அதுல ஏற்கெனவே மூட்டை இருந்திருக்கு. மூட்டையோட சேத்து முள்ளை நடுவுல நிறுத்திட்டோம். அதே எடை மூட்டையைத் தூக்கிட்டு யார் வந்தாலும் மெஷின் ஒண்ணுமில்லைன்னுதான் சொல்லும்."

"எப்படிக் கண்டுபிடிச்சிய?" என்று கில்பர்ட் கேட்டான். அவன் குரல் இறங்கியிருந்தது.

"சுழிக்குக் கீழ எது வந்தாலும் கோளாறுன்னு நெனச்சு, சுழின்னே காட்டச் சொல்லி மெஷினுக்கு ஒரு பூட்டு போட்டிருந்தோம். போன வாரம் அந்தப் பூட்டை எடுத்துட்டு என் கையில கட்டிப் பாத்தேன். கழித்தல் முப்பத்தெட்டு. ஆபீஸ்ல நாலு பேருக்குக் கட்டினேன், எல்லாருக்கும் அந்த ரேஞ்சுதான். அப்போ உங்க ஆளுங்க சுழிங்கிறது நிஜத்துல முப்பத்தெட்டு. சீட்டுக்கு முப்பது போதும்."

சந்தனமாரி கையைத் தண்ணீரில் கழுவினாள். சோறு அப்படியே இருந்தது.

"எனக்குக் கட்டு."

"முழுசா ஒரு நாள் ஆகும் மேடம். குத்துமதிப்பா வேணும்னா கால் மணி நேரத்துல சொல்லலாம்."

கட்டினாள். கால் மணி நேரம் காத்திருந்தார்கள். வெளியே பிரசார ஆட்டோ ஒன்று அவள் பெயரைக் கத்திக்கொண்டு போனது. நிலோஃபர் திரையைப் பார்த்தாள்.

"கழித்தல் இருபத்தொண்ணு."

"அதெப்படி? எனக்கு நெசமாவே நோவுதும்மா. காலைல எந்திக்க முடியல."

"நோவுது. இல்லைங்கலை. பதினேழு இருக்கு. ஆனா அஞ்சு வருஷம் முன்னாடி இருந்ததுல பாதிகூட இல்லை."

ஐந்து வருஷம் நாற்காலியில் உட்கார்ந்த உடம்பு. தலைநகர் ஆஸ்பத்திரியில் முட்டிக்கு ஊசி போட்ட உடம்பு. அது இன்றைக்குக் காலையில் முனங்கியது. இதைவிட இரண்டு மடங்கு நோவோடு பதினெட்டு வருஷம் உப்புப் பெட்டி சுமந்தபோது ஒருநாளும் முனங்கியதாக அவளுக்கு ஞாபகமில்லை.

முனங்கினால் வேலை கிடையாது. விடியுமுன் அளத்து வரப்பில் வரிசையாக நிற்பார்கள். கங்காணி டார்ச் அடித்துக்கொண்டே வருவான். "நோவு நொடி ஏதும் உண்டா?" என்று ஒவ்வொருத்தியையும் கேட்பான். உண்டு என்றவளை வீட்டுக்கு அனுப்புவான். அதனால் உண்டு என்று எவளும் சொன்னதில்லை. ஒண்ணுமில்ல அண்ணாச்சி, ஒண்ணுமில்ல அண்ணாச்சி என்று வரிசை முழுக்க ஒரே பதில் ஓடும். தொண்டை கரகரத்தால் இருமல் வருகிற மாதிரி, யார் உடம்பைப் பற்றிக் கேட்டாலும் வாய் தானாக ஒண்ணுமில்ல என்றுவிடும். அது பொய் என்று அவர்களுக்கே தோன்றாது.

அளவை முகாமில் அந்த இருபது பேரிடமும் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டது அதே கேள்விதான். இருபது பேரையும் சங்கத்து வேனில் கூட்டிக்கொண்டு போனவள் சந்தனமாரி. அவளும் அதில் ஒருத்தி. வேனில் அவள் சொன்னது இப்போது வார்த்தை வார்த்தையாக ஞாபகம் வந்தது. "டிவிக்காரன் வந்திருக்கான். நம்மள நோயாளிக் கூட்டம்னு ராஜதுரை சொல்லிறக் கூடாது. யாரு என்ன கேட்டாலும் கம்பீரமா நில்லுங்க." அதற்கு அடுத்த மாதம்தான் அவளுடைய முதல் தேர்தல். இருபது பேர் பனியன்போட்ட பயில்வான்கள் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்ற படத்தைத்தான் அவள் நோட்டீஸில் போட்டாள்.

"இப்போ என்ன செய்யணும்?"

"சட்டப்படி வெறுந்தட்டை யாரும் தொட முடியாது. மந்திரி சொன்னாலும் முடியாது. அன்னைக்கு எழுதிக் கொடுத்தவங்க எல்லாருமே, நாங்க சொன்னது தப்பு, எங்களுக்கு நோவு இருந்துச்சுன்னு எழுதிக் கொடுக்கணும்."

"முதலாளிமாரு முள்ளைத் திருப்பிறக் கூடாதுன்னு அந்தப் பிரிவ நாந்தாம்மா சேக்கச் சொன்னேன்."

"தெரியும் மேடம். ரெண்டு பேர் இறந்துட்டாங்க. மீதிப் பதினெட்டுல முதல் கையெழுத்து உங்களுது." காகிதத்தை மேஜையில் வைத்தாள்.

கில்பர்ட் அந்தக் காகிதத்தின்மேல் உள்ளங்கையை வைத்தான். "தேர்தலுக்கு அஞ்சு நாளு இருக்கு. இன்னைக்கு இதுல கையெழுத்துப் போட்டா, சாயங்காலம் ராஜதுரை மைக்கப் பிடிச்சிருவான். மெஷினு ஏமாத்து, சட்டம் ஏமாத்து, சந்தனமாரி ஏமாத்தும்பான். அவன் ஜெயிச்சான்னா திருத்தறதுக்கு மெஷினே இருக்காது. ஜெயிச்ச மறுநாள் போடுங்க. முதல் வேலையா இதச் செய்வோம். அஞ்சே நாளுதான யக்கா?"

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. நிலோஃபரைப் பார்த்தாள்.

"இந்த அஞ்சு நாள்ல யாருக்கு என்ன ஆயிரும்?"

"எனக்குத் தெரியலை மேடம். அஞ்சு வருஷத்துல ஆறாயிரம் பேர் சுழி வாங்கியிருக்காங்க. மூணு தடவை சுழி வந்தா ஃபைலை மூடிருவோம்."

"ஆறாயிரம் பேரா? ஒருத்தர்கூட எங்கிட்ட வந்து சொல்லலியே?"

"சுழி வாங்கினவங்க வெளியே சொல்லமாட்டாங்க மேடம். நடிக்கிறான்னு பேர் வந்துரும்ல."

காகிதம் மேஜை டிராயருக்குள் போனது.

அன்றைக்குச் சாயங்காலம் பெரியளத்தில் கூட்டம். லாரியின் பின்பலகையை இறக்கிவிட்டு அதையே மேடை ஆக்கியிருந்தார்கள். வெயில் தாழ்ந்தும் உப்பு அம்பாரங்கள் கண்ணைக் கூசவைத்தன. நானூறு பேர் இருப்பார்கள். சந்தனமாரி மைக்கைப் பிடித்து, ஒவ்வொருவரையும் முறை வைத்துக் கூப்பிட்டு, ராஜதுரையைக் கிண்டல் பண்ணி, சிரிக்க வைத்து, பேச்சு முடியப் போகும் நேரம்.

"ஏளா சந்தனம்!"

பெண்கள் பக்கத்திலிருந்து முத்துக்கனி எழும்பினாள். ஒரே பாத்தியில் பதினெட்டு வருஷம் அவளோடு நின்றவள். வேனில் வந்த இருபது பேரில் ஒருத்தி. மேலவை உறுப்பினரை ஏளா என்று கூப்பிட்டதில் கூட்டம் சிரித்தது. சந்தனமாரியும் சிரித்தாள்.

"சொல்லுளா."

"ஓட்டு உனக்குத்தான், அதுல ஒண்ணுமில்ல. ஒரு சந்தேகம். நானும் மூணு தரம் பட்டை கட்டிட்டேன். மூணு தரமும் சுழி. ராத்திரி திரும்பிப் படுக்க முடியல, காலைல கக்கூசுல உக்காந்தா எந்திக்க முடியல. மெஷினக் கேட்டா ஒண்ணுமில்லங்கு. வீட்டுல மருமவ நடிப்புக்காரிங்கா. எம் மவனும் இப்ப ஒரு தினுசாப் பாக்கான். எனக்கே சில நேரம், நாமதான் வேலை செய்யச் சடவுபட்டுச் சும்மா சொல்லுதமோன்னு வருது. நீ எம் பக்கத்துல நின்னவ. எனக்கு நோவுதா, இல்லியா? நீ சொல்லு, நான் கேட்டுக்கிடுதேன்."

லாரிக்கு எதிரே ராஜதுரையின் ஆட்கள் இரண்டு பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பின்னாலிருந்து கில்பர்ட், "யக்கா, வீடியோ எடுக்காங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

சந்தனமாரிக்குப் பதில் தெரியும். முப்பத்தெட்டு. ஒருவேளை இப்போது நாற்பதுகூட இருக்கலாம். பெண்கள் கூட்டத்தில் வேறு முகங்களும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அதில் எத்தனை பேர் சுழியை முந்தியில் முடிந்து வைத்திருந்தார்களோ, அத்தனை பேரும் முத்துக்கனிக்கு வரப்போகிற பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

"முத்துக்கனி," என்றாள். மைக்கில் குரல் பெரிதாகக் கேட்டது. "நாம தெருவுல கெடந்து வாங்குன மெஷினு அது. முதலாளிக்கும் சொந்தமில்ல, எனக்கும் சொந்தமில்ல. அது பொய் சொல்லாது."

விசில் பறந்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவன், "சடவா இருந்தா வீட்டுல படுங்க பெரியம்மா, மெஷின ஏன் வையுதிய?" என்று கத்தினான். சிரிப்பு பெண்கள் பக்கமும் போனது. சுழி வாங்கினவர்கள்தான் சத்தமாகச் சிரித்திருப்பார்கள். முத்துக்கனி சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அழவில்லை.

சந்தனமாரி இரண்டாயிரத்து முந்நூறு ஓட்டில் ஜெயித்தாள். கழுத்தில் விழுந்த மாலையோடு வீட்டுக்குப் போகாமல் ஆபீசுக்குப் போய் டிராயரைத் திறந்து முதல் கையெழுத்தைப் போட்டாள். ஜெயித்ததும் முதல் வேலை இது என்று பேசியதில் அவள் வாக்குத் தவறவில்லை. மீதிப் பதினேழுக்குக் கில்பர்ட்டையும் நிலோஃபரையும் வீடு வீடாக அனுப்பினாள். நாலாம் நாள் இருவரும் அதே காகிதத்தோடு திரும்பினார்கள்.

"ஒருத்தரும் போடமாட்டேங்காங்க யக்கா. பெரியளத்துல அன்னைக்கு முத்துக்கனியப் பாத்துச் சிரிச்சவங்கதான் அம்புட்டுப் பேரும். அவ போடாம நாங்க போட்டா அவ மூஞ்சில எப்படி முழிக்கங்காங்க. அவ போட்டா எல்லாரும் போட்டுருவாங்க."

"அவ என்ன சொல்லுதா?"

"நீங்களே போய்க் கேளுங்க," என்றாள் நிலோஃபர். அவள் இப்போது மேடம் என்பதை விட்டிருந்தாள்.

காலை ஏழு மணிக்கெல்லாம் அளம் தகிக்கத் தொடங்கிவிட்டது. முத்துக்கனி வரப்பில் உப்புப் பெட்டியோடு வந்துகொண்டிருந்தாள். சந்தனமாரியைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டாள்.

"வாங்க மேடம்."

"என்னளா, மேடம்ங்குத?"

"மாலை போட்டவுகள வேற எப்படிக் கூப்பிடணும்? ஓரமா வாங்க, சேலைல கரிப்புத் தண்ணி பட்டுரும்."

"இதுல ஒரு கையெழுத்துப் போடணும்."

"என்ன எழுதியிருக்கு?"

"அன்னைக்கு முகாம்ல ஒண்ணுமில்லன்னு சொன்னது தப்பு, நோவு இருந்துதுன்னு."

"யாருக்கு?"

"உனக்கு. எனக்கு. நம்ம எல்லாருக்கும்."

"எனக்கா?" முத்துக்கனி பெட்டியை இறக்கவில்லை. "எனக்கு ஒண்ணுமில்லையே. மெஷினு பொய் சொல்லாதுன்னு மைக்குல கேட்டேன். ஊரே கேட்டுது. எம் மருமவ அத போன்ல வச்சிருக்கா. ராத்திரி நான் முனங்கினா எடுத்துப் போட்டு விடுதா. உங்க குரலு நல்லாக் கேக்கு."

சந்தனமாரி அந்த வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். உப்புத் தண்ணீர் சேலையில் ஏறியது.

"எனக்குத் தெரியும்ளா. அன்னைக்கு மத்தியானமே தெரியும். தெரிஞ்சுதான் அப்படிச் சொன்னேன்."

அப்போதுதான் முத்துக்கனி பெட்டியை இறக்கினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எலும்பாக நிமிர்ந்தாள். சந்தனமாரியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் சந்தனமாரிக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"இத ஏன் எங்கிட்ட வந்து சொல்லுத? எனக்கு நோவுதுன்னு எனக்குத் தெரியாதா? தெரியாதவங்கட்டப் போய்ச் சொல்லு. அதே லாரி, அதே மைக்கு, அதே ஆளுக. சொல்லிட்டு வா. அப்புறம் நீ காட்டுத எடத்துல எல்லாம் போடுதேன்."

"அத மைக்குல சொன்னா பதவி போயிரும்ளா. ராஜதுரை வந்தா மெஷினும் போயிரும்."

"இருக்கலாம். அதெல்லாம் உனக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிஞ்சத நான் சொல்லிட்டேன்." குனிந்து பெட்டியைத் தூக்கினாள். "சேலைய அலசிரு. காஞ்சா விறைச்சிக்கிடும்."

சந்தனமாரி அடுத்த வாரம் பெரியளத்துக்கு நன்றி சொல்லப் போனாள். லாரி நின்றது, மைக் இருந்தது. குடிதண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசினாள். ஆடியில் ஒரு கூட்டம், அதில் ரோடு. ஒவ்வொரு தடவையும் வாயைத் திறக்கும்போது அந்தச் சொல் தொண்டைக்குழி வரை வரும். ராஜதுரையின் ஆள் போனைத் தூக்குவான். கில்பர்ட் பின்னால் செருமுவான். அடுத்த கூட்டத்தில் சொல்லலாம் என்று இறங்கிவிடுவாள். சொல்லாமல் இருந்ததற்கு அவளுக்கு நியாயம் இருந்தது. எல்லா நியாயமும் சரியாகவும் இருந்தது. ஐப்பசி மழையில் அளம் மூடியது. தையில் பாத்தி மிதிக்க ஆள் எடுத்தபோது முதல் வரிசையில் முத்துக்கனி நின்றாள். கங்காணி கேட்ட கேள்விக்கு அவள் சொன்ன பதிலும் பழையதுதான்.

ஒரு கையெழுத்தோடு அந்தக் காகிதம் டிராயரில் இருக்கிறது. முத்துக்கனிக்கு நோவுகிறது, தெரிந்தே இல்லையென்று சொன்னேன் என்று பெரியளத்து ஜனத்தின் முன்னால் சொல்ல வேண்டிய கடன் சந்தனமாரிக்கு இருக்கிறது. இன்றுவரை அடைக்கவில்லை.